நெஞ்சு வார்டுக்கு ஒரு மனு

அந்த நாற்காலியில உக்காராதீங்க அண்ணாச்சி, அதுக்கு ஒரு கால் ஆடும். போன மாசம் ஆள் கணக்கு எழுத வந்த பிள்ள அதுல உக்காந்து மல்லாக்க விழுந்து, எங்க வீட்டுல எத்தனை பேருன்னு கேக்காமலே போயிட்டு. இந்தக் கட்டில்ல உக்காருங்க. ஃபேனைப் போடுதேன். வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிய.

உங்களை எனக்குத் தெரியும்லா, வார்டுல பாத்திருக்கேன். எமல்டா சிஸ்டருக்கு அப்பா. ஐஸ் வண்டி ஓட்டுற சூசை மிக்கேல். அடக்கத்துக்கு நான் புன்னைக்கரைக்கு வந்தேன். கூட்டத்துல நீங்க என்னைப் பாத்திருக்க மாட்டிய. உங்க வீட்டுக்காரம்மா, பிலோமியம்மா, பாத்தாவ. என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, “கடைசி வரைக்கும் என் பிள்ளைக்குப் பீ மூத்திரம் அள்ளுனது நீதானே”ன்னு அழுதாவ. நான் என்ன செய்தேன், முப்பத்தொரு வருசமா எல்லாருக்கும் செய்த வேலையைத்தானே செய்தேன்.

பிலோமியம்மா குடுத்து விட்டாவளா? இவ்வளவு கருவாடா? நான் ஒத்தைக்கட்டை, எதுக்கு இம்புட்டு. சரி, வைங்க.

சாப்பிடுதாவளா அவிய?

அடுப்பே பத்த வைக்கலியா. ரெண்டு மாசமாவா.

என்ன காயிதம் இது? எனக்குப் படிக்கத் தெரியாது அண்ணாச்சி, மூணாங் கிளாஸோட நின்னாச்சு. நீங்களே சொல்லுங்க. ‘சொந்த விருப்பத்தின் பேரில்’னு போட்டிருக்கா. நெஞ்சு வார்டுக்கு அவளே கேட்டு எழுதிக் குடுத்த மனுன்னு ஆஸ்பத்திரியில இதைக் குடுத்தாவளா. அதைப் பாத்ததுல இருந்துதான் உங்க வீட்டுக்காரம்மா இப்படி இருக்காவளா. நம்ம பிள்ள ஏன் போயி டிபி வார்டைக் கேட்டான்னு உங்களைப் போட்டுத் துளைக்காவளா.

அதைக் கேக்கத்தான் என்கிட்ட வந்திய. அவ என்கிட்ட ஏதும் சொன்னாளான்னு.

சொல்லுதேன். சட்டுன்னு ஒரு வார்த்தையில சொல்லுற விசயம் இல்ல. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். டீ போடவா? சரி, பெறவு குடிங்க.

உங்க மக பொம்பளையாளு வார்டுக்கு வந்து மூணு வருசம் இருக்கும். மத்த சிஸ்டர் எல்லாம் என்னை ‘ஆயா’ம்பாவ. சின்னப் பிள்ளைய, ட்ரெயினிங் முடிச்சு நேத்து வந்தது எல்லாம், ‘ஆயா இங்க வா, ஆயா அதைத் துடை’ன்னு ஏவும். எமல்டா மட்டும் ‘பெரியம்மா’. மொத நாளே அப்படித்தான் கூப்பிட்டா. நான் திரும்பியே பாக்கலை, வேற யாரையோ கூப்பிடுதான்னு. மறுபடியும் ‘பெரியம்மா’ங்கா. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அன்னையில இருந்து அவளுக்கு நான் எதுன்னாலும் செய்வேன்.

வயித்துக் கோளாறு இருக்குதுன்னு ஒரு வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. சில நாள் பத்து. எங்க ஆஸ்பத்திரியைக் கட்டினவனுக்கு வயிறுன்னு ஒண்ணே கிடையாது போலிருக்கு அண்ணாச்சி. வார்டு மாடியில. சிஸ்டர்மார் கக்கூஸு கீழ, எக்ஸ்ரே ரூமைத் தாண்டி, அந்தக் கோடியில. அதுக்கு ஒரு பூட்டு வேற. அவ ஓடுவா. படியில ஓடுறதைப் பாத்தா யாரோ சாகக் கிடக்காவன்னு எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாவ. ராத்திரி டூட்டியில ஒத்தை ஆளுதான், வார்டை விட்டுட்டுக் கீழ போக முடியாது. அப்ப நான் நோயாளி கக்கூஸை நல்லா பினாயில் ஊத்திக் கழுவி, வாசல்ல வாரியலோட நிப்பேன். எவளாவது வந்தா, ‘அடைச்சுக் கிடக்கு, அந்தப் பக்கம் போ’ன்னு விரட்டிருவேன்.

நான் வைத்தியமும் செய்தேன். மாதுளம் தோலு காயப் போட்டு இடிச்சுக் குடுத்தேன். மோருல வெந்தயம் போட்டுக் குடுத்தேன். அவ சிரிப்பா. “பெரியம்மா, இது சாப்பாட்டுனால வாற நோய் இல்ல”ம்பா. நான் விட மாட்டேன். அவளும் எனக்காகக் குடிப்பா. குடிச்சுட்டு மறுபடியும் ஓடுவா.

போன கார்த்திகை மாசம். மழையும் காய்ச்சலும். அறுவது கட்டிலு, தொண்ணூறு பொம்பளைய. தரையில பாய் விரிச்சுப் படுத்திருக்காவ, நடக்க வழி கிடையாது. இவ ஒருத்திதான் சிஸ்டர், கூட ஒரு ட்ரெயினிங் பிள்ள. அன்னைக்கு ஒரு கிழவிக்கு ரத்தம் ஏத்துனாவ. ரத்தம் ஏத்த ஆரம்பிச்சா மொத கால் மணி நேரம் சிஸ்டர் அந்தக் கட்டிலை விட்டு நகரக் கூடாது அண்ணாச்சி. நடுக்கம் வருதா, மூச்சு முட்டுதான்னு பாத்துக்கிட்டே நிக்கணும். எத்தனையோ சிஸ்டர் சும்மா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருவாவ. இவ நிப்பா. கைக்கடியாரத்தைப் பாத்துக்கிட்டே நிப்பா.

அன்னைக்கு அவ மூஞ்சி வெளுத்துட்டு. நெத்தியில வேர்வை. எனக்குத் தெரியும் அது என்னன்னு. “போயிட்டு வா தாயி, நான் நிக்கேன்”னு சொன்னேன். தலையை ஆட்டுதா. “உங்களுக்குப் பாக்கத் தெரியாது பெரியம்மா. இன்னும் ஆறு நிமிசம்.”

ஆறு நிமிசம் நின்னா. நின்னபடியே எல்லாம் போயிட்டு. வெள்ளை உடுப்பு. ரத்தமும் சேந்து போகும் அவளுக்கு.

சுத்தி அத்தனை பேரு. நான் என்ன செய்ய. தரை துடைக்கிற வாளி கையில இருந்துது. கால் தடுக்கின மாதிரி அப்படியே அவ மேல கவுத்திட்டேன். இடுப்புக்குக் கீழ பினாயில் தண்ணி. ஒரே கலவரம். ட்ரெயினிங் பிள்ள என்னைத் திட்டுது, நோயாளி எல்லாம், ‘இந்தக் கிழட்டுச் சவத்துக்குக் கண்ணு தெரியலை’ங்காவ. நான் பெட்ஷீட்டைச் சுத்தி அவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மேட்ரன் கூப்பிட்டு, ‘இனிமே ஒரு தடவை இப்படி நடந்தா கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லி நிப்பாட்டிருவேன்’னாவ. ‘கால் தடுக்கிட்டும்மா’ன்னேன்.

கீழ அந்தக் கக்கூஸுல வச்சுத்தான் உடுப்பை அலசிக் குடுத்தேன். அவ என் மாத்துச் சேலையைச் சுத்திக்கிட்டு வாளி மேல உக்காந்திருந்தா. அழலை. அன்னைக்குத்தான் எல்லாம் சொன்னா. பெருங்குடல் பூரா புண்ணு. ஆறாது, அடங்கும், திரும்ப வரும். காலேஜுல படிக்கும்போதே வந்துட்டு. மாத்திரை சாப்பிடுதா. ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் தெரியாது. பங்குனியில அவளோட வந்தவிய எல்லாரையும் நிரந்தரம் பண்ணப் போறாவ, உடம்பு நல்லா இருக்குதுன்னு சர்டிபிகேட் வேணும். தெரிஞ்சா வெளிய தள்ளிருவாவன்னு பயம். ஏற்கெனவே ஒரு கல்யாணம் நின்னு போச்சுல்லா இதனால. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சு.

அது கிடக்கட்டும். நான் அன்னைக்கு ராத்திரி தூங்கலை. இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணணும்னு இருந்துது.

நெஞ்சு வார்டைப் பாத்திருக்கியளா நீங்க? ஆமா, பாத்திருப்பிய. கடைசி ஒரு வாரம் அங்கனதானே கிடந்தா. தனிக் கட்டடம், வேப்பமரத்துக்குப் பின்னால. இருவது கட்டிலுதான். ஓட்டம் கிடையாது. ரத்தம் ஏத்துறது, பிரசவம், ஆக்ஸிடென்ட் ஒண்ணும் கிடையாது. மாத்திரை குடு, ஊசி போடு, சளி டப்பாவுக்கு மூடி போட்டு அனுப்பு, அவ்வளவுதான். சிஸ்டர் மேசையில இருந்து நாலு எட்டு வச்சா கக்கூஸு. உள்தாழ்ப்பாள் உண்டு, ஜன்னல் உண்டு, எப்பவும் தண்ணி வரும். எங்க ஆஸ்பத்திரியிலயே நல்ல கக்கூஸு அதுதான். நான் அங்கன ஆறு வருசம் இருந்தேன், எனக்கு ஒண்ணும் வரலை. தும்மல்கூட வரலை.

கிறிஸ்மஸ் முடிஞ்சு ஆர்டர் வந்துது. எமல்டா, நெஞ்சு வார்டு, ஆறு மாசம்.

அவ முகத்தை நீங்க பாத்திருக்கணும். நோட்டீஸ் போர்டுல தன் பேரைப் பாத்துட்டு அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டா. கண்ணு கலங்கிட்டு. நான் பக்கத்துல போயி, “இனிமே நீ ஓட வேண்டாம் தாயி”ன்னேன். என் கன்னத்துல கையை வச்சா. அந்தக் கை ஐஸா இருந்துது. “நல்லது பெரியம்மா”ன்னா. சந்தோசத்துல சில பேருக்கு அப்படித்தான், கை காலு குளுந்து போகும்.

நானும் கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லி அவ கூடவே அந்த வார்டுக்கு மாறிக்கிட்டேன். அங்கன போன மொத நாளு, வந்ததும் வராததுமா அந்தக் கக்கூஸுக்குள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. அரை மணி நேரம் வெளிய வரலை. நான் வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டேன். போகட்டும், இத்தனை நாள் கழிச்சு ஒரு கதவு கிடைச்சிருக்கு பிள்ளைக்குன்னு.

மாஸ்க்கு கழத்தவே மாட்டா. வாரத்துக்கு ஒண்ணுதான் குடுப்பாவ. அதைக் காயிதக் கவருல போட்டு, பேரு எழுதி, ஆணியில தொங்கப் போடணும். அவ வெளிய காசு குடுத்து வேற வாங்கிட்டு வந்து ஒண்ணு மேல ஒண்ணு போடுவா. ஜன்னலை எல்லாம் தொறந்து வைப்பா. நோயாளி எல்லாம் குளிருதுன்னு சத்தம் போடுவாவ. அவியகிட்டக்கூட நான் சொல்லிச் சிரிப்பேன், ‘எங்க சிஸ்டருக்கு உங்களைக் கண்டா பயம்’னு. அவளும் சிரிப்பா. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும்தானே தெரியும். சிரிக்கான்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

மாசி கடைசியில சாயங்காலமானா காய்ச்சல். பங்குனியில ஆளு பாதியாயிட்டா. வயித்து நோய் கூடிட்டுன்னு நெனைச்சா அவ. அவளைப் பாக்குற குடல் டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லுதா, அவரும் மாத்திரையைக் கூட்டுதாரு. எந்த வார்டுல வேலை பாக்கேன்னு அவ சொல்லவே இல்ல. அவராவது கேக்கணுமா இல்லியா? படிச்ச மனுசன். மேட்ரனாவது ஒரு வார்த்தை, ஏம்மா இப்படி மெலிஞ்சு போறன்னு கேக்கணுமா இல்லியா? நிரந்தரம் பண்ணுறதுக்கு ரத்தம் எடுத்தாவ, எடை பாத்தாவ, கையெழுத்துப் போட்டாவ. ஒருத்தனுக்கும் கண்ணு இல்ல. அந்த ஆஸ்பத்திரி பூரா கண்ணு இல்லாத கூட்டம் அண்ணாச்சி. நான் ஒருத்திதான் அவளை...

என்னது?

இருங்க, என்ன சொல்லுதிய? எந்த டாக்டர்? அந்தக் குடல் டாக்டரா? அவரைப் போயிப் பாத்தியளா நீங்க?

மொதல்லயே சொல்லியிருந்தாரா? எப்ப? மூணு வருசத்துக்கு முன்னாடியா?

சும்மா இருங்க அண்ணாச்சி, எனக்கு விளங்கலை. பைய சொல்லுங்க. அது வயித்துப் புண்ணுக்கு உள்ள மாத்திரைதானே.

உடம்புல நோய் வராம காவல் நிக்கிறதுதான் அவ குடலைக் கடிக்குதா. அந்தக் காவலை அடக்கி வைக்கிற மாத்திரையா. அதனால வேற எந்த நோயும் லேசா உள்ள வந்துருமா. ‘டிபி வார்டுப் பக்கமே போகாத, ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துரு’ன்னு மொத நாளே அவகிட்டச் சொன்னாரா. அவ சரின்னாளா.

அப்ப அவளுக்குத் தெரியும். நெஞ்சு வார்டுக்குப் போகும்போதே தெரியும்.

அதனாலதான் உங்க வீட்டுக்காரம்மா. ஐயோ. இப்பம் விளங்குது. தெரிஞ்சும் கேட்டு வாங்கிப் போனான்னு நெனைக்காவ. சாகணும்னே போனான்னு.

என்ன சொன்னாவ பிலோமியம்மா அவகிட்ட? கல்யாணம் நின்ன அன்னைக்கா? ‘இந்த நோயை வச்சுக்கிட்டு எந்த வீட்டுக்குப் போவ, அந்த ஆஸ்பத்திரிதான் உனக்கு வீடு, அங்கனயே கிட’ன்னா? கோவத்துல பெத்தவ ஆயிரம் சொல்லுவா. அந்த வார்த்தையைத்தான் இப்பம் நெஞ்சுல அடிச்சு அடிச்சுச் சொல்லுதாவளா. நான் சொன்னதைத்தானே செய்தா என் பிள்ளன்னா.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன் அண்ணாச்சி.

அவ டூட்டி மாத்துவா. மூணு வருசமா. நெஞ்சு வார்டு முறை வந்தா வேற சிஸ்டரைப் பிடிச்சு அதைக் குடுத்துருவா. சும்மா வாங்குவாவளா? ரெண்டு ஞாயித்துக்கிழமை அவியளுக்காக வேலை பாக்கணும். பூசைக்குக்கூடப் போக மாட்டா. ஒரு கிறிஸ்மஸ் அன்னைக்கு ஊருக்கு வரலைல்லா, நீங்க எல்லாரும் கோவப்பட்டியளாமே. அது இதுக்குத்தான். அப்ப நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? சளியைக் கண்டா அருவருப்பு, வயிறு புரட்டுது பிள்ளைக்கு, பழகினா சரியாப் போவும்னு நெனைச்சேன். கண்ணு முன்னாடி மூணு வருசம் பாத்திருக்கேன். எல்லாருக்கும் கண்ணு இல்லன்னு இப்பத்தான் உங்ககிட்டச் சொன்னேன்.

அந்தக் காயிதத்தை இப்படிக் குடுங்க. இதுல அவ கையெழுத்து எங்கன இருக்கு? இதா. நல்லா பாருங்க. உங்க மக கையெழுத்து மாதிரியா இருக்கு? மாதிரிதான் இருக்கும். ஸ்டோர் கிளார்க் நெல்லையப்பன் வருகைப் பதிவேட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டுப் போட்டாரு. ‘எப்படி ஆயா, அச்சு அசலா இருக்கா’ன்னு கேட்டாரு. எனக்கு எழுத்துத் தெரியாது, படம் மாதிரி ரெண்டையும் பாத்துட்டு, ‘அப்படியே இருக்கு சார்’னேன்.

ஆமா அண்ணாச்சி.

அவ கேக்கலை. நான் கேட்டேன்.

பினாயில் தண்ணி ஊத்துன மறு வாரம் மேட்ரன் ரூமுக்குப் போனேன். காலைப் பிடிக்காத குறைதான். ‘எமல்டா சிஸ்டருக்கு நெஞ்சு வார்டு குடுங்கம்மா, அங்கன வேலை கம்மி’ன்னேன். கக்கூஸு விசயத்தைச் சொல்ல முடியாதுல்லா. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பாத்தாவ. அந்த வார்டுக்கு அவனவன் வர மாட்டேன்னு அழுவான், இவளா கேக்கான்னாவ. ஆமா அவளேதான், கூச்சத்துல வரலைன்னு சொன்னேன். ‘எழுத்துல குடு, நாளைக்கு என்னை ஒருத்தரும் கேக்கக் கூடாது’ன்னாவ. அதான் நெல்லையப்பன்கிட்டப் போனேன். அவர் வாசிச்சுக் காட்டுனாரு. சொந்த விருப்பத்தின் பேரில்னு அவரு போட்டதுதான். கேக்க நல்லா இருந்துது எனக்கு. அவகிட்டச் சொல்லாம செய்வோம், ஆர்டர் வந்ததும் பாத்துச் சந்தோசப்படட்டும்னு இருந்தேன்.

இன்னும் இருக்கு. அதையும் கேட்டுக்கிடுங்க.

நோட்டீஸ் போர்டுல பேரைப் பாத்துட்டு, ‘யாரு இதைக் கேட்டது’ன்னு கேட்டா. நான்தான்னு சொன்னேன். பல்லைக் காட்டிக்கிட்டுச் சொன்னேன். அப்பத்தான் கன்னத்துல கையை வச்சா.

அன்னைக்குச் சாயங்காலம் மேட்ரன் ரூம் வாசல்ல போயி நின்னா. உள்ள போகலை, திரும்பி வந்துட்டா. மறுநாளும் போயி நின்னா. நான் பாத்துட்டேன். “என்ன தாயி”ன்னேன். “பெரியம்மா, நான் பழைய வார்டுலயே இருந்துக்கிடுதேன், மாத்திக் கேக்கப் போறேன்”னா. எனக்குச் சுருக்குன்னுட்டு. திட்டிப்புட்டேன் அண்ணாச்சி. ‘உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா. நான் அந்தம்மா காலைச் சுத்தி வந்து வாங்கிக் குடுத்திருக்கேன். நீ போயி வேண்டாம்னா என் மூஞ்சி என்ன ஆவும். மனு நீ எழுதலைன்னு தெரிஞ்சா என்னை அன்னைக்கே வெளிய தள்ளுவாவ. இந்த வயசுல நான் எங்கன போவேன்’னேன்.

இப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை.

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அந்தப் பார்வை எனக்கு இப்பவும் நல்லா ஞாபகம் இருக்கு. பெறவு சொன்னா, “சரி பெரியம்மா. ஆறு மாசம்தானே. நான் பாத்துக்கிடுதேன்.”

மேட்ரன்கிட்டப் போனா ஏன் வேண்டாம்னு கேப்பாவ. மாத்திரையைச் சொல்லணும். சொன்னா அவ வேலை போவும். மனு அவ எழுதலைன்னு சொன்னா என் வேலை போவும். ரெண்டையும் காப்பாத்தப் பாத்திருக்கா பிள்ள. ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு, மாஸ்க்கு மேல மாஸ்க்கு போட்டுக்கிட்டு.

சாகணும்னு நெனைக்கிறவ காசு குடுத்து மாஸ்க்கு வாங்குவாளா அண்ணாச்சி? சொல்லுங்க. பங்குனியில நிரந்தர ஆர்டர் வந்த அன்னைக்கு எனக்கு ஒரு ஜாங்கிரி கொண்டு வந்தா. அன்னைக்கும் காய்ச்சல்தான் அவளுக்கு. ‘பெரியம்மா, மொத சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு கிரைண்டர், கையில ஆட்டி ஆட்டி அவியளுக்குத் தோள் எறங்கிட்டு’ன்னா. இது சாகப் போற பிள்ள பேசுற பேச்சா?

வைகாசியில அவளை அந்த வார்டுலயே நோயாளியா கொண்டாந்து போட்டாவ. நெஞ்சு பூரா பரவி மூளைக்கும் ஏறிட்டுன்னாவ. நீங்க ரெண்டு பேரும் வந்து உக்காந்திருந்திய. நீங்க சாப்பிட வெளிய போன நேரம் என்னைப் பக்கத்துல கூப்பிட்டா. பேச்சு குழறுது. “அந்த மனு விசயத்தை ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதீங்க பெரியம்மா. வேலை போயிரும்”னா. அந்த நேரத்துலயும் என் வேலை.

நானும் சொல்லலை. ரெண்டு மாசமா என் மனசுக்குச் சொல்லிக்கிட்டேன், அவ சொல்லாதன்னா, அவ வார்த்தையைக் காப்பாத்துதேன்னு. அப்படிச் சொல்லிக்கிட்டு ரெண்டு வேளை சோறு தின்னேன். டிபி யாருக்கும் வரும், நேரம்தான்னு சொல்லிக்கிட்டேன். நீங்க இன்னைக்கு அந்த மாத்திரையைப் பத்திச் சொல்லலைன்னா சாகுற வரைக்கும் அப்படியே சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். சந்தோசத்துல கை குளுந்துட்டுன்னு.

நீங்க ஏதும் பேச வேண்டாம். என்னைத் திட்டணும்னாலும் இப்பம் வேண்டாம். இதை நீங்க போயி உங்க வீட்டுக்காரம்மாகிட்டச் சொன்னா நம்ப மாட்டாவ. நம்மளைத் தேத்தச் சொல்லுதாருன்னு நெனைப்பாவ. அவிய என் வாயால கேக்கணும். அவிய சொன்ன வார்த்தைக்காக அவ போகலை, நான் சொன்ன வார்த்தைக்காகப் போனான்னு.

ஆமா, கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுத பொம்பளைதான். தெரியும். அதான் சொல்லுதேன், நானே வாரேன்.

மேட்ரன்கிட்டயும் சொல்லணும், நெல்லையப்பன் பேரு வராம சொல்லணும். அது நாளைக்கு. கான்ட்ராக்டர் நிப்பாட்டினா நிப்பாட்டட்டும்.

மூணரைக்கு ஒரு பஸ் இருக்கு. நான் முன்னால பொம்பளையாளு சீட்டுல உக்காந்துக்கிடுதேன். நீங்க பின்னால ஏறுங்க. பேச்சு ஒண்ணும் வேண்டாம், தெரியாத ஆளு மாதிரி இருங்க. ஊருல இறங்கி நீங்க முன்னால நடங்க, நான் பத்து எட்டு தள்ளி வாரேன். வாசல்ல என்னை உள்ள வான்னு சொல்லாதீங்க. அவிய வெளிய வரட்டும். நான் தெருவுல நின்னே சொல்லிக்கிடுதேன்.